ஆலையின் பெயருக்கு நேரே ஓர் எண்: அமெரிக்காவின் 'பகுதி 98' விதி, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரம். அங்கே ஒஹையோ ஆற்றை ஒட்டி ரப்பர்டவுன் என்று ஒரு பகுதி இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் செயற்கை ரப்பர் ஆலைகள் வரிசையாக வந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் அது ரசாயன ஆலைகளின் பகுதிதான், பக்கத்திலேயே மேற்கு லூயிவிலின் குடியிருப்புகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் தெருக்கள். அங்குள்ள கெமோர்ஸ் ஆலையில் எச்.சி.எஃப்.சி-22 என்ற பொருளைத் தயாரிக்கிறார்கள், டெஃப்லான் வகைப் பொருட்களுக்கு அதுதான் மூலம். அதைத் தயாரிக்கும்போது, வேண்டாமலேயே கூடவே ஒரு வாயு பிறக்கிறது: எச்.எஃப்.சி-23. கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்கு இருமல் வராது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அதன் ஒரு டன், கார்பன் டை ஆக்சைடின் 14,800 டன்னுக்குச் சமம் என்று அமெரிக்க விதியின் அட்டவணையில் பல வருடம் இருந்தது (இப்போது அந்த எண் 12,400).

2021-இல் இந்த ஆலையைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அந்த நகரத்தில் ஓடும் அத்தனை கார்களும் சேர்ந்து செய்வதைவிட இந்த ஒரே ஆலையின் இந்த ஒரே வாயு பருவநிலைக்கு அதிகக் கேடு செய்கிறது என்பதுதான் செய்தி. அதை எழுதியவர்கள் ஆலைக்குள் திருட்டுத்தனமாக நுழையவில்லை, ரகசிய ஆவணம் எதையும் கைப்பற்றவில்லை. ஆலையே வருடா வருடம் அரசுக்குக் கொடுத்து, அரசு பொதுவில் வைத்திருந்த எண் அது. வருடக்கணக்கில் அங்கேயே இருந்தது.

அந்த எண் எப்படி அங்கே வந்தது, அதை வரவைத்த விதி எப்படி வேலை செய்கிறது, எங்கே கோட்டை விடுகிறது, இப்போது அதற்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆலையின் பெயரையும் அது விடும் வாயுவின் அளவையும் ஒரே வரியில் எழுதிப் பொதுவில் வைப்பது சாதாரண குமாஸ்தா வேலை மாதிரித் தெரியும், ஆனால் மற்ற எல்லா நடவடிக்கைக்கும் அடித்தளம் அதுதான். அதை எடுத்துவிட்டால் மேலே கட்டிய எதுவும் நிற்காது.

பிறந்த கதை

இது ஒபாமா கொண்டுவந்த விதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. 2007 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பசுமை இல்ல வாயுக்களும் தூய காற்றுச் சட்டத்தின்படி 'மாசு' என்ற வரையறைக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் டிசம்பர் 26-ஆம் தேதி, குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட மாபெரும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் சில வரிகள் இருந்தன: சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு 35 லட்சம் டாலர், அதை வைத்துப் பொருளாதாரத்தின் எல்லாத் துறைகளிலும் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வாயு விடுகிறவர்கள் கட்டாயமாக அறிக்கை தரும்படி ஒரு விதி எழுத வேண்டும். வரைவுக்கு ஒன்பது மாதம், இறுதி விதிக்குப் பதினெட்டு மாதம் என்று கெடுவும் வைத்தார்கள். கெடு தவறியது. வரைவு 2009 ஏப்ரலில் அரசிதழில் வந்தது, இறுதி விதி அந்த வருடம் செப்டம்பர் 22 அன்று கையெழுத்தானது. கூட்டாட்சி விதித்தொகுப்பில் 40-ஆம் தலைப்பு, பகுதி 98. அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக 'பகுதி 98' என்கிறார்கள்.

2010 ஜனவரி 1 முதல் எண்ணத் தொடங்கினார்கள். முதல் அறிக்கை 2011 மார்ச் 31-க்குள் வர வேண்டியது, மின்னணு அமைப்பு தயாராகாததால் செப்டம்பர் 30 வரை நீட்டித்தார்கள். 2012 ஜனவரி 11 அன்று முதல் தொகுப்பு வெளியானது.

அந்த நாள் முக்கியமானது. அதற்கு முன்னால் 'அமெரிக்கா இத்தனை கோடி டன் விடுகிறது' என்ற தேசியக் கணக்கு இருந்தது. மின்நிலையங்களைத் தவிர, எந்த ஊரில் எந்த வேலிக்குள்ளிருந்து எவ்வளவு என்பது பெரும்பாலும் தெரியாது. இப்போது வரைபடத்தைத் திறந்து ஊரைத் தொட்டால் ஆலையின் பெயர் வந்தது. மின்நிலையங்கள் மட்டும் 232.4 கோடி டன், அறிவிக்கப்பட்டதில் 72 சதவீதம். அடுத்தபடியாக எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், 18.3 கோடி டன். 70 லட்சம் டன்னுக்கு மேல் விட்டவை சரியாக 100 இடங்கள், அவற்றில் 96 மின்நிலையங்கள், இரண்டு இரும்பு உருக்காலைகள், இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள். பட்டியலின் உச்சியில் ஜார்ஜியாவின் ஜூலியட் என்ற சிற்றூரில் இருக்கும் ஷெரர் அனல்மின் நிலையம், ஏறக்குறைய 2.3 கோடி டன்.

25,000 டன் என்ற கோடு

யார் அறிக்கை தர வேண்டும்? பொதுவான கோடு, வருடத்துக்கு 25,000 டன் கார்பன் டை ஆக்சைடு சமானம். சில தொழில்கள் (அடிபிக் அமிலம், சிமென்ட், அலுமினியம் மாதிரி) எவ்வளவு விட்டாலும் தந்தாக வேண்டும். எரிபொருளை விற்கிறவர்களும் உண்டு, அவர்கள் விற்றதை வாங்கியவர் எரித்தால் எவ்வளவு வருமோ அதை அறிவிக்க வேண்டும். இப்படி விற்பவரையும் சேர்த்தால்தான் சுமார் 8,000 இடங்களை வைத்து நாட்டின் மொத்த உமிழ்வில் 85 முதல் 90 சதவீதத்தைத் தொட முடிகிறது. ஒவ்வொரு கார்க்காரரிடமும் போய்க் கேட்க முடியாதல்லவா?

25,000 டன் என்பது எவ்வளவு? ஒரு காகித ஆலையில் இயற்கை எரிவாயுவில் ஓடும் கொதிகலன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விதியின் அட்டவணைப்படி ஒரு மில்லியன் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்துக்கு 53.06 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எரிவாயு மீட்டரில் வருட மொத்தம் சுமார் 4 லட்சத்து 71 ஆயிரம் மில்லியன் பி.டி.யு. வந்தால் கோட்டைத் தொட்டாயிற்று. ஆலையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுகிறவருக்கு முக்கால்வாசி வேலை அந்த மீட்டர் ரசீதுகளைத் தேதி வரிசையில் சேர்ப்பதுதான்.

சின்ன இடங்களை அலையவிடக் கூடாது என்று விதியிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எரிப்புக்காக மட்டும் விதிக்குள் வரக்கூடிய ஓர் இடத்தில் எல்லா அடுப்பும் கொதிகலனும் சேர்த்து மணிக்கு 30 மில்லியன் பி.டி.யு.-க்குக் குறைவு என்றால், கணக்கே போட வேண்டாம், விலக்கு. ஏன் 30? நான் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். 30-ஐ வருடத்தின் 8,760 மணியால் பெருக்கி, பிட்டுமினஸ் வகை நிலக்கரியின் காரணியான 93.28 கிலோவால் பெருக்கினால் 24,500 டன் சொச்சம் வருகிறது. அதாவது, வருடம் முழுக்க ஒரு நிமிடம் நிறுத்தாமல் அந்த வகை நிலக்கரியையே எரித்தாலும் கோட்டைத் தாண்ட முடியாத இடங்களை ஆரம்பத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து 25,000-க்குக் கீழே, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து 15,000-க்குக் கீழே இருந்தால் வெளியேறிவிடவும் வழி உண்டு. இந்த விதியைக் கண்மூடித்தனமான கெடுபிடி என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு ஏற்பாட்டையும் அவர் படிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கணக்குப் போடும் முறையிலும் நான்கு படிகள். முதல் படியில் எரிபொருளின் அளவு, மற்றதெல்லாம் அட்டவணையிலிருந்து. இரண்டாம் படியில் எரிபொருளின் வெப்ப மதிப்பை அளக்க வேண்டும். மூன்றில் அதன் கார்பன் அளவையே ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். நான்காம் படி, புகைபோக்கியிலேயே கருவி வைத்து இடைவிடாமல் அளப்பது. பெரிய மின்நிலையங்களில் அமில மழைத் திட்டத்துக்காக 1990-களிலேயே இந்தக் கருவிகள் வந்துவிட்டதால் அவர்களுக்கு இது புதிய சுமை இல்லை.

அப்புறம், அறிக்கையில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நிறுவனம் என்று பொதுவாக இல்லை, அதற்கென நியமித்த ஒரு தனி மனிதர், 'இது உண்மை, பொய்யானால் அபராதமும் சிறையும் வரலாம் என்று தெரியும்' என்ற பொருளில் சான்றளிக்க வேண்டும். இது எனக்குப் பிடித்த அம்சம். அதே சமயம் இங்கேதான் ஒரு பலவீனமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சொந்த விதியில் அறிக்கையை வெளியார் ஒருவர் வந்து சரிபார்க்க வேண்டும். கூட்டாட்சி விதியில் அது இல்லை, முகமையின் கணினி முரண்பாடுகளைத் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்கும், அவ்வளவுதான். இன்னொன்று, கணக்கில் போடும் உள்ளீடுகள் வணிக ரகசியம் என்று நிறுவனங்கள் வாதாடியதால், அவற்றில் பலவற்றை ஒரு தனி மென்பொருளில் தட்டினால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த எண்கள் முகமையின் கைக்கே போகாது, விடை மட்டும்தான் போகும்.

மாட்டுச் சாணம், எருக்குட்டை இவற்றின் மீத்தேனுக்கும் விதியில் ஒரு உட்பிரிவு எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நடைமுறைப்படுத்தப் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் ஒவ்வொரு வருட நிதிச் சட்டத்திலும் ஒரு வரி சேர்த்துத் தடுத்துவிடுகிறது. பண்ணை முதலாளிகளின் செல்வாக்கு அவ்வளவு.

எண்ணியதால் என்ன ஆனது

அறிக்கை கொடுப்பதால் மட்டும் புகை குறையுமா என்பது நியாயமான கேள்வி. விதி யாரையும் ஒரு கிலோ கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் குறைந்திருக்கிறது. சோரப் தோமர் என்ற கணக்கியல் ஆய்வாளர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தரவு வெளியான பிறகு ஆலைகளின் உமிழ்வு 7.9 சதவீதம் குறைந்தது என்று கண்டார். அவர் சொல்லும் காரணம்தான் சுவாரசியம். ஊர் பேசும் என்ற பயம் மட்டும் இல்லை. ஒரே தொழிலில் இருக்கும் பக்கத்து ஆலையின் எண்ணை முதன்முறையாகப் பார்க்க முடிந்தது, 'அவனால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை' என்ற ஒப்பீடு வந்தது. மின்நிலையங்களை ஆராய்ந்த இன்னொரு குழுவும் உமிழ்வு விகிதம் சுமார் 7 சதவீதம் குறைந்ததைக் கண்டது, ஆனால் அதே நிறுவனங்கள் அறிக்கை தர வேண்டாத தங்கள் மற்ற நிலையங்களுக்குச் சுமையைக் கொஞ்சம் நகர்த்தியதையும் சேர்த்தே கண்டது. விளக்கு விழாத மூலைக்குக் குப்பையைத் தள்ளுவது எங்கேயும் நடப்பதுதான், அதற்கு விளக்கை அணைப்பது மருந்தாகாது.

லூயிவிலுக்குத் திரும்பி வருகிறேன். செய்தி வந்த அதே 2021-இல் அந்த நிறுவனம் எச்.எஃப்.சி-23-ஐ 99 சதவீதம் பிடித்து வைக்கும் கருவியை அமைப்பதாக அறிவித்தது. அதே வருடம் முகமை வேறொரு சட்டத்தின் கீழ் புதிய விதி போட்டது: 2022 அக்டோபர் முதல், தயாரிக்கும் பொருளின் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இந்த வாயுவை வெளியே விடக் கூடாது. அறிக்கை விதி மட்டுமே இதையெல்லாம் செய்தது என்று சொல்லவில்லை, சட்டம் வேண்டியிருந்தது, பத்திரிகை வேண்டியிருந்தது, அந்தப் பகுதி மக்கள் வேண்டியிருந்தார்கள். ஆனால் எந்த ஆலை, எவ்வளவு என்ற வரி இல்லாமல் இவர்களில் யார் எங்கிருந்து தொடங்கியிருப்பார்கள்?

கணக்கு வேறு, அளவு வேறு

சரி, இனி குறைக்கு வருவோம், இது சின்னக் குறை இல்லை. புகைபோக்கியில் கருவி வைத்த இடத்தில் எண்ணை நம்பலாம். எண்ணெய்க் கிணறும் எரிவாயுக் குழாயும் அப்படி இல்லை. அங்கே வெகு காலம் நடந்தது இதுதான்: வளாகத்தில் இத்தனை வால்வு, இத்தனை காற்றழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி என்று எண்ணு, ஒவ்வொன்றும் சராசரியாக இவ்வளவு கசியும் என்ற காரணியால் பெருக்கு, எழுது. ஒரு கருவி உடைந்து நாள் முழுக்கச் சீறிக்கொண்டிருந்தாலும், பக்கத்தில் ஒன்று பொட்டுக் கசிவு இல்லாமல் இருந்தாலும், காகிதத்தில் இரண்டும் ஒன்றே.

2015 அக்டோபர் 23 அன்று லாஸ் ஏஞ்சலஸ் புறநகரில் போர்ட்டர் ராஞ்ச் குடியிருப்புக்கு மேலே உள்ள மலையில், அலிசோ கேன்யன் எரிவாயுச் சேமிப்புக் கிடங்கின் ஒரு கிணறு பிய்த்துக்கொண்டது. எஸ்.எஸ்-25 என்று அந்தக் கிணற்றுக்குப் பெயர். கசிவு நிற்க அடுத்த வருடம் பிப்ரவரி ஆகிவிட்டது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. நவம்பரிலிருந்து ஒரு சிறு விமானம் அந்த மலையோரம் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து காற்றை முகர்ந்து அளந்தது. அந்த அளவீடுகளிலிருந்து வந்த எண்: 97,100 டன் மீத்தேன். அப்போதைய விதிப்படி ஒரு டன் மீத்தேன் 25 டன் கார்பன் டை ஆக்சைடு. பெருக்கினால் 24 லட்சம் டன்னுக்கு மேல், 25,000 டன் கோட்டைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு, ஒரே கிணற்றிலிருந்து. வால்வு எண்ணிப் பெருக்கும் முறையில் இப்படி ஒரு நிகழ்வை எழுத முறையான கட்டமே இல்லை.

இது ஒற்றை விபத்து என்றால் விட்டுவிடலாம். 2018-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு, அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் தொழிலின் மீத்தேன் கசிவு அரசின் தேசியக் கணக்கைவிட 60 சதவீதம் அதிகம், வருடத்துக்கு 1.3 கோடி டன், என்று காட்டியது. 2024-இல் அதே இதழில் குப்பைக் கிடங்குகளைப் பற்றி வந்தது: இருநூறுக்கும் மேற்பட்ட கிடங்குகளுக்கு மேலே பறந்து அளந்ததில், பாதிக்கும் சற்று மேலான இடங்களில் தெளிவான மீத்தேன் புகைமண்டலம் தெரிந்தது, அளந்த அளவு சராசரியாக அவர்கள் இந்த விதியின் கீழ் அறிவித்ததைப் போல 1.4 மடங்கு.

ஆனால் யோசித்துப் பாருங்கள், '1.4 மடங்கு' என்று சொல்ல ஒப்பிட இன்னொரு எண் வேண்டும். அந்த எண்ணைத் தந்தது இதே அறிக்கைதான். தவறான எண்ணைக்கூட அளந்து திருத்திவிடலாம். எண்ணே இல்லை என்றால் எதைத் திருத்துவது?

திருத்தமும் வந்தது. 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. எண்ணெய், எரிவாயுப் பிரிவின் கணக்கை இரண்டு வருடத்துக்குள் நேரடித் தரவின் அடிப்படையில் மாற்றி எழுதச் சொன்னது. அதோடு, 25,000 டன்னுக்கு மேல் அறிவிக்கும் இடங்கள் ஓர் அளவுக்கு மிஞ்சி வீணாக்கும் மீத்தேனுக்கு டன் ஒன்றுக்கு 2024-க்கு 900 டாலர், 2025-க்கு 1,200, அதற்குப் பிறகு 1,500 என்று கட்டணம் வைத்தது. 2024 மே மாதம் திருத்திய உட்பிரிவு வெளியானது. மணிக்கு 100 கிலோவுக்கு மேல் மீத்தேன் வெளியேறும் எந்தப் பெரிய நிகழ்வையும் தனியாக எழுத ஒரு கட்டம் அதில் வந்தது. அலிசோ கேன்யனுக்கு எட்டு வருடம் கழித்து, ஆனாலும் வந்தது.

எனக்குத் தோன்றுவது இது. பதினான்கு வருடம் இந்த எண்ணுக்கு விலை இல்லை, அதனால் பெரிய சண்டையும் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் டாலர் குறி வந்ததும் எண்ணின் மீதே கை வைக்கத் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றி மார்ச்சில் கையெழுத்தான தீர்மானம் கட்டணத்துக்கான நடைமுறை விதியை ரத்து செய்தது. ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் கட்டணத்தை 2034-க்குத் தள்ளியது. செப்டம்பர் 12 அன்று முகமையே ஒரு முன்மொழிவை வெளியிட்டது: மொத்தமுள்ள 47 பிரிவுகளில் 46-இன் அறிக்கைக் கடமையை நிரந்தரமாக நீக்குவது, மிச்சமிருக்கும் எண்ணெய், எரிவாயுப் பிரிவையும் 2034 வரை நிறுத்தி வைப்பது. முகமையின் தலைவர் லீ செல்டின் இந்தத் திட்டம் வெறும் அதிகாரச் சிவப்பு நாடா, காற்றின் தரத்துக்கு ஒன்றும் செய்யவில்லை என்றார். மிச்சமாகும் தொகை 240 கோடி டாலர் வரை என்பது முகமையின் கணக்கு.

240 கோடி பெரிய தொகைதான். 8,000 இடங்களுக்குப் பிரித்தால் தலைக்கு 3 லட்சம் டாலர், அதுவும் பல வருடங்களுக்குச் சேர்த்து. ஷெரர் மாதிரி ஒரு நிலையத்துக்கோ ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கோ இது எந்த மூலைக்கு? தவிர, இந்த அறிக்கையை நம்பியே ஓடும் தொழில்களும் இருக்கின்றன. கார்பனைப் பிடித்து நிலத்தடியில் புதைக்கிறவர்களுக்கு 45-கியூ என்று ஒரு வரிச்சலுகை உண்டு. உண்மையிலேயே புதைத்தோம், வெளியே வரவில்லை என்று காட்ட அவர்கள் பகுதி 98-இன் ஓர் உட்பிரிவின் கீழ் தரும் அறிக்கையைத்தான் பயன்படுத்துகிறார்கள். எரிவாயுவை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களிடம் அங்கே 2024-இல் வந்த மீத்தேன் விதி இனி கசிவுக் கணக்கைக் கேட்கும். வீட்டில் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு அவர்களிடம் எதைக் காட்டுவது?

காற்றின் தரத்துக்கு ஒன்றும் செய்யவில்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தெர்மாமீட்டர் காய்ச்சலைக் குறைக்காது என்பது உண்மை, அதற்காக எந்த மருத்துவரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. என்னைக் கேட்டால் செய்ய வேண்டியது எதிர்த்திசையில் இருக்கிறது: கலிஃபோர்னியா மாதிரி வெளியார் சரிபார்ப்பு, குப்பைக் கிடங்குகளுக்கும் நேரடி அளவீடு, மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும் உள்ளீடுகளைப் படிப்படியாகவாவது வெளியே கொண்டுவருவது, சாணக் குட்டைகளின் மேல் போட்ட தடையை எடுப்பது.

முன்மொழிவின் மீது கருத்துச் சொல்ல 2025 நவம்பர் 3 வரை அவகாசம் கொடுத்தார்கள். நீக்கப்பட வேண்டிய 46 பிரிவுகளின் பட்டியலில் நகராட்சிக் குப்பைக் கிடங்குகள் இருக்கின்றன, லூயிவில் ஆலை வரும் எச்.சி.எஃப்.சி-22 பிரிவும் இருக்கிறது. விமானமும் செயற்கைக்கோளும்தான் வந்துவிட்டதே, அறிக்கை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். விமானம் ஒரு கிடங்கின் மேல் வருடத்தில் ஏதோ சில நாள், சில நிமிடம் பறக்கிறது. அது கடந்துபோன பிறகு அந்த வேலிக்குள் மீதி நாளெல்லாம் என்ன நடந்தது என்பதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும்.